அமுக்குனா அமுங்கோணும்

திருப்பூர் பல்லடம் ரோட்டில், வீரபாண்டி பிரிவை ஒட்டி, கீழே காஜா பட்டன் கடை, மேலே எங்கள் சாப்ட்வேர் கம்பெனி. கம்பெனி என்று போர்டில்தான் இருந்தது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மூன்று ஆட்கள். 1990களின் கடைசி. கீழ்க்கடையில் காலர் டி-ஷர்ட் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். காஜா எடுத்து, 18 லைன் பட்டன் வைத்து, பொழுதோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டன் வியாபாரத்தில் 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். நாலு ஓட்டைப் பட்டனை மெஷினின் கிளிப்பில் செருகிப் பெடலை மிதித்தால் 16 தையல் விழும், நூல் அறும், அடுத்த பட்டனுக்குக் கை போய்விடும்.

மேலே நாங்களும் பட்டன்தான் வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் அங்குலத்துக்கு 1,440 ட்விப். நாங்கள் புரோகிராம் எழுதிய விஷுவல் பேசிக்கின் டூல்பாக்ஸில் இருக்கும் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால், 1,215க்கு 495 ட்விப் அளவில் ஒரு சாம்பல் செவ்வகம் ஃபார்மின் நடுவில் வந்து உட்காரும். அதோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சொந்தமாக ஒரு பட்டன் செய்து, அந்த ஒன்றையே எல்லா ஃபார்மிலும், எல்லா வாடிக்கையாளருக்கும் வைப்பது என்று கிளம்பினோம். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. கீழ்க்கடை அண்ணன் டீ சொல்ல மேலே வரும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க தம்பி, இன்னும் அதே பட்டன்தானுங்களா?" என்பார். அவர் கடையில் அதற்குள் எத்தனை லாட் போயிருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல மனுஷர்.

எதற்கு இந்த வீம்பு என்று கேட்டால், காரணம் இருந்தது. விஷுவல் பேசிக்கின் பட்டனில் எழுத்தின் நிறத்தை மாற்ற வழி கிடையாது. ஸ்டைலை கிராபிக்கல் என்று மாற்றினால் பின்னணி நிறம் மட்டும் மாறும். எழுத்து கறுப்புதான். இதைப் போய் ஒரு சாயப்பட்டறை முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே நீலத்தில் பையர் கேட்கிற ஷேடு வரும்வரை லேப்-டிப் மேல் லேப்-டிப்பாகப் போட்டு அனுப்புகிறவர் அவர். "துணிக்கு எந்தக் கலர் வேணும்னாலும் நா போட்டுக் குடுக்கறேன். நாலு எழுத்துக்குச் சிவப்பு போட உங்களுக்கு ஆகலீங்களா?" என்பார். ஊருக்கே வண்ணம் ஏற்றுகிற வீரபாண்டியில் உட்கார்ந்துகொண்டு, 'அழி' என்ற பட்டனைச் சிவப்பாக்க முடியாமல் இருப்பது மானப் பிரச்சினை.

அடுத்தது தமிழ். லாட் நோட்டு எழுதுகிற பையனுக்குத் தமிழில் இருந்தால்தான் கை ஓடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று எழுத்துருக் குறியீடுகள் அரசின் அங்கீகாரத்தோடு வந்தன. டிஸ்கியும் புழக்கத்தில் இருந்தது. எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் 'சேமி' என்று தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள் தெரியும். பின்னால் யூனிகோடு வந்தபோது கதை இன்னும் சுவாரசியம்: விஷுவல் பேசிக் தன் வயிற்றுக்குள் யூனிகோடைத்தான் வைத்திருந்தது, ஆனால் பட்டனில் காட்டும்போது பழைய குறியீட்டுக்கு மாற்றிவிடும். 'சேமி' என்று கொடுத்தால் வரிசையாக நான்கு கேள்விக்குறி நிற்கும். எதைச் சேமிக்க என்று பட்டனே நம்மைக் கேட்பது மாதிரி இருக்கும்.

1997இல் வந்த விஷுவல் பேசிக் 5தான் வழி திறந்துவிட்டது. அதுவரை ஃபார்மில் வைக்கும் கன்ட்ரோல் வேண்டுமென்றால் சி மொழி தெரிந்த யாராவது செய்து விற்பதை வாங்க வேண்டும். இப்போது ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலை பேசிக்கிலேயே செய்யலாம். கன்ட்ரோல் மட்டும் செய்வதற்கென்று ஒரு பதிப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே விட்டது. விலையில்லாமல் கிடைத்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஊரில் ஃபார்ம் எழுதத் தெரிந்தவன் எல்லாம் பட்டன் ஆசாரி ஆனான்.

பட்டன் செய்கிற வித்தை என்ன என்று சொல்கிறேன், அரை நிமிஷம்தான். ஒரு செவ்வகம். மேல் விளிம்பும் இடது விளிம்பும் வெள்ளைக் கோடு. கீழும் வலதும் கரும்சாம்பல் கோடு. வெளிச்சம் இடது மூலையிலிருந்து விழுகிற மாதிரி கண் நினைத்துக்கொள்ளும், செவ்வகம் மேலே எழும்பி நிற்கும். மவுஸை அமுக்கியதும் அந்தக் கோடுகளின் நிறத்தை இடம் மாற்று, எழுத்தை வலப்பக்கம் ஒரு பிக்சலும் கீழே ஒரு பிக்சலும் நகர்த்து. பட்டன் உள்ளே போய்விட்டது! விட்டதும் பழையபடி வரைந்துவிடு. கண்ணாடித் திரையில் எதுவும் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. நான்கு கோடும் ஒரு பிக்சலும் சேர்ந்து செய்கிற கண்கட்டு. முதல் முறை அது அமுங்கி எழுந்தபோது எங்கள் மூன்று பேருக்கும் வந்த சந்தோஷம், அந்த வருஷம் போனஸுக்குக்கூட வரவில்லை. போனஸ் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு பண்புகளாகச் சேர்த்தோம். பின்னணி நிறம், எழுத்து நிறம், மவுஸ் மேலே வந்தால் ஒரு நிறம், அமுங்கினால் ஒரு நிறம், படம், படம் எந்தப் பக்கம், விளிம்பு வளைவு, நிழல். ஒவ்வொரு பண்பையும் ப்ராபர்ட்டி பேக் என்ற பையில் போட்டு, ஃபார்மைத் திறக்கும்போது எடுத்து வைக்க வேண்டும். மாறியது என்று ஒரு வரியில் அறிவிக்காவிட்டால், திரும்பத் திறக்கும்போது பட்டன் பழைய நிறத்திலேயே சாதுவாக நிற்கும். மவுஸ் மேலே வந்தால் தெரிவிக்க விஷுவல் பேசிக்கில் நிகழ்வு இருந்தது, விலகிப் போனால் தெரிவிக்க இல்லை. அதற்காக விண்டோஸின் ஏபிஐக்குள் புகுந்து மவுஸையே பிடித்து வைத்து, எல்லை தாண்டினால் விட்டுவிடுகிற ஏற்பாடு. இத்தனையும், பேக்கிங் செக்‌ஷனில் மவுஸ் மேலே வந்தால் பட்டன் இளம்பச்சையாக மின்ன வேண்டும் என்பதற்காக. அதை யாரும் கேட்கவில்லை.

சாம்பல் பட்டனை வெளியேற்றிய பிறகுதான் அது வாய் திறக்காமல் எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று தெரிந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அமுங்கியது. எந்தப் பெட்டியில் கர்சர் இருந்தாலும் என்டர் தட்டினால் 'சரி'க்குப் போனது, எஸ்கேப் தட்டினால் 'வேண்டாம்' ஆனது. ஆல்ட்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் புரிந்துகொண்டது. தன்மேல் கவனம் இருந்தால் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியது. அமுக்கியவர் மனம் மாறி, விரலை எடுக்காமல் மவுஸை வெளியே நகர்த்திவிட்டால், நடந்ததை மறந்துவிட்டது. இதெல்லாம் சும்மா கிடைத்தவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் வண்ணப் பட்டனுக்கு இந்த ஒவ்வொன்றையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இதில் ஒன்று மட்டும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில், டேமேஜ் பீஸை எண்ண ஒரு ஃபார்ம். ஓட்டை ஒரு பட்டன், எண்ணெய்க் கறை ஒரு பட்டன், தையல் விட்டது ஒரு பட்டன். பீஸைப் பார்த்ததும் அதற்குரிய பட்டனை ஒரு தட்டு, எண்ணிக்கை ஒன்று ஏறும். அங்கே இருந்த அக்காவுக்குக் கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, அமுக்குனா அமுங்கோணும். நா ரெண்டு அமுக்குனா இது ஒண்ணுதான் எண்ணுது. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சுப்போட்டுதாட்டமிருக்குது உங்க கம்ப்யூட்டரு."

அக்கா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அடுத்தடுத்து விழும் இரண்டு தட்டுகளை விண்டோஸ் இரட்டைத் தட்டு என்று எடுத்துக்கொள்ளும். சாம்பல் பட்டன் அதையும் இரண்டு தனித்தனித் தட்டாகவே பிரித்துக் கொடுத்துவிடும். கையால் செய்த பட்டனுக்கு அந்த நாசூக்கு கிடையாது. முதல் தட்டு 'கிளிக்' என்று வரும், இரண்டாவது 'டபுள் கிளிக்' என்ற வேறு வாசலில் வந்து ஆளில்லாமல் நிற்கும். அந்தக் காலத்தில் கையால் வரைந்த பட்டன்களுக்கெல்லாம் இது பரம்பரை நோய். மருந்து ஒரே வரி: இரட்டைத் தட்டு வந்தாலும் அமுக்கியதாகவே எடுத்துக்கொள். நிழலுக்கும் வளைவுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்த புரோகிராமில் டேமேஜ் கணக்கைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

மறுபயன்பாடு என்ற மந்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு தரம் செய், நூறு தரம் வை: புத்தகம் எல்லாம் இப்படித்தான் சொல்லிற்று. நிட்டிங்கில் காடா துணி வரவு, டையிங்கில் லாட் கார்டு, காம்பேக்டிங், கட்டிங், டெலிவரி சலான் (டிசி), சனிக்கிழமைக் கூலி என்று எல்லா ஃபார்மிலும் எங்கள் பட்டன் ஏறியது. ஒரே ஓசிஎக்ஸ் ஃபைல். அதை ஃபிளாப்பியில் போட்டு, டிவிஎஸ் 50இல் ஒவ்வொரு கம்பெனியாகப் போய், ரெஜ்சர்வர் 32 என்று தட்டிப் பதிவு செய்துவிட்டு வர வேண்டும். ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று புதிதாக ஒரு பண்பைச் சேர்த்து, பைனரி கம்பேட்டிபிலிட்டியை டிக் செய்யாமல் கம்பைல் பண்ணினால் பட்டனுக்குப் புது அடையாள எண் விழுந்துவிடும். பழைய ஃபார்ம்கள் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் 'ரன்-டைம் எரர் 339'. கடையில் துணி நிற்கிறது, டிசி போட முடியவில்லை, லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒரே பட்டனை நூறு இடத்தில் வைத்தால், ஒரே கோளாறையும் நூறு இடத்தில் வைத்ததாக அர்த்தம் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை; அந்த ஹாரன் சொன்னது.

கீழ்க்கடையில் இந்தச் சிக்கல் எல்லாம் இல்லாததற்குக் காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புலப்பட்டது. குழந்தை உடுப்பு ஆர்டர் வந்தால் பட்டனை 90 நியூட்டன் விசையில் இழுத்துக் காட்டச் சொல்கிற பையர்கள் உண்டு. ஏறக்குறைய ஒன்பது கிலோவைப் பட்டனில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்ற பயம். அந்த மெஷின் போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல்; வால் நூலை வாகாகப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். அதனால் அண்ணன் பட்டன் அழகாக இருக்கிறதா என்று பார்த்து நான் கண்டதில்லை. எதை எடுத்தாலும் முதலில் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார்.

எங்கள் பட்டனை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. இழுக்கிறதென்றால் இப்படித்தான் இழுத்திருக்க வேண்டும்: பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கும்போது 'டிசி அச்சிடு' பட்டனை ஆத்திரத்தில் நாலு தரம் அமுக்கினால் என்ன ஆகும்? ஒரே லாட்டுக்கு நாலு டிசி விழுமா? 'சேமி'யை அமுக்கிய நொடியில் கரண்ட் போனால்? சாயக் கையோடு வந்தவர் மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே முழு ஃபார்மையும் முடிக்க முடியுமா? 'லாட் அழி' என்பது 'லாட் முடி'க்கு ஒட்டினாற்போல் எதற்காக உட்கார்ந்திருக்கிறது? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தபோது பட்டனில் புதிதாக ஒரு பண்பு சேர்ந்தது: அமுங்கியதும் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் திறந்துகொள்வது. அதற்கு நிறம் கிடையாது, நிழல் கிடையாது. நாங்கள் செய்ததிலேயே எந்த மாறுதலும் இல்லாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் பொருந்திப்போனது அது ஒன்றுதான்.

விஷுவல் பேசிக்கின் ஃபார்ம் வரைகிற முகப்புக்கு மூலம் ஆலன் கூப்பர் என்பவர் செய்து மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. 1991இல் முதல் பதிப்பு வந்தது. அதே கூப்பர் 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு, பயன்படுத்துகிறவர் தலையில் கட்டுகிறார்கள் என்று அதில் போட்டுத் தாக்கியிருந்தார். கையில் கத்தியைக் கொடுத்தவரே வந்து கத்தியை ஏன் இப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டது போல இருந்தது. அந்த வருஷம் நாங்கள் நிழலுக்குப் பண்பு சேர்த்துக்கொண்டிருந்தோம்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. உருண்ட முனையும் பளபளப்புமாக அதன் சாதாரணப் பட்டனே எங்களுடையதைவிட மினுக்கியது. நேற்றுவரை புதுப் பெண்ணாக இருந்த எங்கள் பட்டன் ஒரே ராத்திரியில் மாமியார் ஆகிவிட்டது. 2002இல் டாட்நெட் வந்தது. அதில் பட்டனை முதலிலிருந்து செய்ய வேண்டாம்; இருக்கிற பட்டனின் வாரிசாக ஒன்றை அறிவித்தால் ஸ்பேஸ் பார், என்டர், புள்ளிக்கோடு எல்லாம் பூர்வீகச் சொத்தாகத் தானே வரும். வரைகிற பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். டெல்பியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் 1995இலிருந்தே இப்படித்தான் செய்துவந்தார்கள், எங்களைப் பார்த்துச் சிரித்தபடி. மவுஸ் விலகினால் சொல்வதற்கும் டாட்நெட்டில் நிகழ்வு இருந்தது. ஏபிஐக்குள் புகுந்து நாங்கள் செய்த சாகசத்துக்கு ஓர் ஓரமாக நன்றிகூடச் சொல்லவில்லை.

2008 ஏப்ரலில் விஷுவல் பேசிக் 6க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. புரோகிராம் எழுதுகிற சூழலுக்குத்தான் அந்த முடிவு. எழுதி முடித்தவை ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம் விண்டோஸோடு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் வேடிக்கை என்ன என்றால், எழுதியவர்கள் கைவிட்டதை ஓட்டுகிறவர்கள் கைவிடவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. லாட் கார்டு ஃபார்மை அமுக்க ஆளில்லை. கழிவுநீர் சொட்டுக்கூட நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திரும்பத் திறந்தபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய நீர், திரும்பி வந்த நீர், உப்பு என்று எழுத வேண்டிய கணக்கே மாறிவிட்டது. அதே 2011இல் வீரபாண்டியும் ஊராட்சி என்ற பெயரை விட்டுத் திருப்பூர் மாநகராட்சிக்குள் போனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து பில் ஃபார்ம் மொத்தத்தையும் பிரித்துப் போட்டது. ஃபார்மில் இருந்த ஒவ்வொரு பெட்டியும் மாறியது, மாறாமல் இருந்தது பட்டன் மட்டும். மறுபயன்பாடு ஜெயித்தது என்று மார்தட்டலாம். நீரும் வரியும் சட்டமும் மாறும்போது, 'சேமி' என்கிற நாலு கோட்டுச் செவ்வகத்தில் மாறுவதற்கு என்ன இருந்தது என்று யாராவது திருப்பிக் கேட்காத வரைக்கும்.

இப்போது காலம் வேறு. கீழ்க்கடை இடம் மாறிவிட்டது, எங்கள் கம்பெனியும்தான். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து தட்டை மோஸ்தர். வெள்ளைக்கோடும் கரும்சாம்பல் கோடும் பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிட்டன. விளிம்பே இல்லாத பட்டன். எது பட்டன், எது வெறும் எழுத்து என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டேமேஜ் எண்ணுகிற ஃபார்ம் இன்று செல்போனில் ஓடுகிறது. விரலுக்கு 'மேலே வந்து நிற்பது' என்ற நிலையே கிடையாது. மின்னும் இளம்பச்சைக்கு அங்கே வேலையில்லை.

நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டதை இப்போது பதினைந்து பேர் வீடியோ காலில் போடுகிறார்கள். அதற்கு டிசைன் சிஸ்டம் என்று பெயர். பட்டனுக்கு முதன்மை வகை, இரண்டாம் வகை, அபாய வகை. எழுதித் தருவதற்கு ஏஐ இருக்கிறது. கேட்டு முடிப்பதற்குள் பட்டன் தயார். ஆறு நிறத்தில், நிழலோடு, மேலே வந்தால் ஒரு மினுக்கோடு. போன மாதம் அப்படி வந்த ஒன்றை வாங்கி, நெட் சரியில்லாத இடத்தில் நின்று அடுத்தடுத்து நாலு தட்டுத் தட்டினேன். நாலு டிசி விழுந்தது. பழைய நண்பனைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

எழுதிய பையனுக்கு வயது இருபத்து மூன்று. உட்காரவைத்துச் சொன்னேன்: நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள், முதலில் இழுத்துப் பார். இரண்டு தரம் அமுக்கினால் என்ன ஆகிறது, பாதியில் நெட் போனால் என்ன ஆகிறது, வேலை நடக்கும்போது அது பூட்டிக்கொள்கிறதா, கண் தெரியாதவருக்கு அது தன் பெயரைச் சொல்கிறதா, அழிக்கிறது ஒன்று எண்ணுகிறதற்குப் பக்கத்தில் இருக்கிறதா. இந்த நடத்தையை மட்டும் ஒரு தரம் ஒழுங்காகச் செய்துவிட்டால், அதை எந்தத் திரைக்கும் எடுத்துப் போகலாம், தோலை அவரவர் மாற்றிக்கொள்ளட்டும் என்றேன். பையன் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டான். கடைசியில் நிமிர்ந்து, "எல்லாம் ஓகே சார். கார்னர் ரேடியஸ் மட்டும் எவ்வளவு வைக்கட்டும்?" என்றான்.

"நாலு பிக்சல்" என்றேன். யோசிக்கவே இல்லை. எட்டு வைத்தால் பார்க்கச் சகிக்காது.